வீடு மாறிய ஃபைல்கள்

செல்போன் அடித்தபோது ஸோரா கல்யாண கவுனுக்குள் நின்றிருந்தாள்.

இடுப்பைச் சுற்றி முப்பது குண்டூசிகள். தையற்காரம்மாவின் உதட்டில் இன்னும் நாலு.

"அசையாதேம்மா... குத்திடும்."

ஸோரா அசைந்தாள். குத்தியது.

ஈஸ்டர் விடுமுறை முடிந்த செவ்வாய்க்கிழமை. காலை பத்து ஐம்பத்திரண்டு. அளவு கொடுக்க ஒரு நாள் லீவு போட்டுவிட்டு, செக் நாட்டின் பிர்னோ நகரத்தின் கிழக்குப் பக்கம் இந்தத் தையல் கடைக்கு வந்திருந்தாள். கல்யாணம் ஜூனில்.

போன் செய்தவன் மடோஷ். ஜூனில் மாப்பிள்ளை.

"ஸோர்கா... கதவு திறக்கல."

செல்லப்பெயர் சொல்லி அழைத்த குரலில் பதற்றமே இல்லை. அதுதான் அவளைப் பதற வைத்தது.

இருவருக்கும் ஒரே இடத்தில்தான் வேலை. பழமர ஆய்வு நிலையம். அந்த மொரேவியா வட்டாரத்தின் பழைய ஆப்ரிகாட் வகைகள் அறுநூற்றுச் சொச்சம்... அவற்றின் மொட்டுகளைத் தரைக்கடியில் உறைய வைத்துக் காப்பாற்றுவது மடோஷின் வேலை. அந்த அறையின் குழாய், விசிறி, கதவு எல்லாவற்றையும் நடத்தும் சர்வரைப் பார்த்துக்கொள்வது ஸோராவின் வேலை.

ஒவ்வொரு செவ்வாயும் பத்தே முக்காலுக்கு, மடோஷ் உள்ளே நின்று கவனிக்க, தொட்டிகளில் திரவ நைட்ரஜன் தானாக நிரம்பும். அப்போது விசிறி சுற்ற வேண்டும். காற்று கெட்டால் குழாய் மூடி, கதவு தானே திறக்க வேண்டும்.

இன்று விசிறி சுற்றவில்லை. குழாய் மூடவில்லை. கதவும் திறக்கவில்லை.

உள்பக்கக் கைப்பிடி உடைந்து இரண்டு வாரம் ஆகிறது. 'பழுது' என்று அதில் காகிதம் ஒட்டியவனே மடோஷ்தான். அந்த அறைக்குள் செல்போன் எடுக்காது. சுவரில் மாட்டிய பழைய போன் ஒன்றுதான் வெளியுலகம். வெளிப்பக்கப் பூட்டும் சர்வர் சொன்னால்தான் திறக்கும்.

ஸோரா பையிலிருந்து லேப்டாப்பை உருவினாள். தையல் மேஜையில் கிடந்த கத்தரிகளை ஒதுக்கினாள். நிலையத்தின் சர்வருக்குள் நுழையும் கட்டளையைத் தட்டினாள்.

அனுமதி இல்லை.

மறுபடி தட்டினாள்.

அனுமதி இல்லை.

வெளியிலிருந்து அந்த சர்வருக்குள் நுழைய பாஸ்வேர்டு கிடையாது. ஆளுக்கொரு மின்சாவி. அவள் சாவியை அது ஏற்க மறுத்தது.

தையற்காரம்மா குண்டூசிகளைத் துப்பிவிட்டுத் தன் போனில் தீயணைப்புப் படையைக் கூப்பிட்டாள். கிளம்பிவிட்டார்களாம். பெரிய சாலையில் டிராம் ஒன்று தடம் புரண்டு நிற்கிறதாம். சுற்றித்தான் வர வேண்டுமாம்.

ஸோரா அந்தப் போனைப் பிடுங்கி ரோஸ்டாவுக்கு அடித்தாள்.

ரோஸ்டா அவளுடைய முன்னாள் கணவன். விவாகரத்தாகி இரண்டு வருடம். சண்டை போடாமல் பிரிந்தவர்கள். ஊரிலேயே சர்வர் பாதுகாப்பில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. அந்த சர்வரின் தலைமைச் சாவி இரண்டு பேரிடம்தான் இருந்தது. ஒன்று அவளிடம். இன்னொன்று, அவசரத்துக்கு உதவட்டும் என்று, அவனிடம்.

"ரோஸ்டா, மடோஷ் உள்ள மாட்டிக்கிட்டான். என்னை விட மாட்டேங்குது. நீ நுழைஞ்சு கதவைத் திற... ப்ளீஸ்."

விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது.

"என்னையும் விட மாட்டேங்குது ஸோர்கா. இரு... வேற வழி இருக்கான்னு பார்க்கறேன்."

இடது காதில் ரோஸ்டா. வலது காதில் மடோஷ்.

நைட்ரஜனுக்கு வாசனை இல்லை. மூச்சு முட்டாது. இருமல் வராது. காற்று இருப்பது போலவே இருக்கும். மனிதன் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக இல்லாமல் போவான்.

"தலை லேசா இருக்கு. ரெண்டு கிளாஸ் ஆப்ரிகாட் பிராந்தி போட்ட மாதிரி..." மடோஷ் சிரித்தான். "கொஞ்சம் உட்கார்ந்துக்கறேன்."

"உட்காராதே. குளிர் வாயு கீழதான் தங்கும். எழுந்து நில்லு. என்கிட்ட பேசிக்கிட்டே இரு."

"கவுன் எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு. நில்லு மடோஷ்."

"கால் இல்லாத மாதிரி இருக்கு..."

இன்னொரு முறை தட்டினாள். அனுமதி இல்லை. இன்னொரு முறை. அனுமதி இல்லை.

பதினொன்றுக்குப் பெத்ரோவ் தேவாலயத்தில் மணி பன்னிரண்டு அடிக்கத் தொடங்கியது. அந்த ஊரின் பழைய வழக்கப்படி நண்பகல் மணியை ஒரு மணி நேரம் முன்னாலேயே அடித்துவிடுவார்கள்.

பன்னிரண்டாவது அடி ஓய்ந்தபோது, வலது காதில் மூச்சுச் சத்தமும் ஓய்ந்திருந்தது.

---

தையற்காரம்மாதான் காரை ஓட்டினாள். ஸோரா கவுனைக் கழற்றவில்லை. லேப்டாப் தையல் மேஜையிலேயே கிடந்தது.

பதினொன்றே காலுக்குத் தீயணைப்பு வீரர்கள் கதவை அறுத்தார்கள். தூக்கி வந்து முற்றத்தில் கிடத்தி நெஞ்சை அமுக்கினார்கள். அரை மணி நேரம் விடாமல் அமுக்கினார்கள். ஸோரா பக்கத்திலேயே நின்றாள். வெள்ளை கவுன். இடுப்பில் குண்டூசிகள். துணியில் அங்கங்கே பொட்டுப் பொட்டாக ரத்தம்.

யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை.

மடோஷின் வயது நாற்பத்தொன்று.

பதினொன்றே முக்காலுக்கு ரோஸ்டா ஓடி வந்தான். முகம் சுண்ணாம்பு. சர்வரை யாரும் தொடக்கூடாது, இருக்கிற நிலையிலேயே போலீஸ் பிரதி எடுத்துக்கொள்ளட்டும் என்று அவன்தான் சொன்னான். குற்றப்பிரிவு கேப்டன் யார்மிலாவுக்கு அந்தப் பொறுப்புணர்ச்சி பிடித்திருந்தது.

யார்மிலாவுக்கு வயது ஐம்பத்தைந்து. பன் ரொட்டியைக் கடித்துக்கொண்டேதான் விசாரிப்பாள். மறுநாள் ரோஸ்டா தானாகவே அவள் அலுவலகத்துக்கு வந்து உட்கார்ந்தான். கூடவே ஸோராவும்.

"எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க," என்றாள் யார்மிலா. "எங்க வீட்டு வாஷிங் மெஷினே என்னை மதிக்காது."

ரோஸ்டா நிதானமாகச் சொன்னான்.

சர்வருக்குள் ஒரு காவல்காரன் இருக்கிறான். அவன் முகத்தைப் பார்க்க மாட்டான். ஒவ்வொரு ஃபைல் மீதும் ஒரு லேபிள் ஒட்டியிருக்கும். அதைத்தான் பார்ப்பான். யாருக்கு எந்த லேபிள் செல்லும் என்று அவனிடம் ஒரு பட்டியல் உண்டு. ஆட்களுடைய ஃபைல்கள் வழக்கமான ஹோம் டைரக்டரியில், அதாவது அவரவர் 'வீட்டில்', இருக்கும்வரை தொல்லை இல்லை. 'வீட்டுப் பொருள்' என்ற லேபிள் தானாகவே ஒட்டிக்கொள்ளும்.

பழைய டிஸ்க் நிரம்பிவிட்டது. ஸோரா உதவி கேட்டாள். ஈஸ்டர் சனிக்கிழமை அவன் எல்லா வீடுகளையும் புது டிஸ்க்கில் வேறொரு இடத்துக்கு மாற்றினான். காவல்காரனுக்கு அந்த இடம் தெரியாது. அங்கே இருப்பதெல்லாம் அவனுக்கு அநாதைப் பொருள். 'இந்த இடத்தையும் அந்தப் பழைய வீடு மாதிரியே நினைத்துக்கொள்' என்று அவனுக்கு ஒரு வரி எழுதிக் கொடுத்துவிட்டு, லேபிள்களைப் புதிதாக ஒட்ட வேண்டும்.

எழுதாவிட்டால்? நேரில் உட்கார்ந்து பாஸ்வேர்டு தட்டுகிறவர்களுக்கு வித்தியாசமே தெரியாது. வெளியிலிருந்து சாவி போட்டு வருகிறவர்களின் சாவியை வாசல் படிக்க முடியாது. விசிறியையும் கதவையும் நடத்தும் புரோகிராமும் தன் வீட்டிலிருக்கும் தன் ஃபைலையே திறக்க முடியாது. செவ்வாய்க்கிழமை நிரப்பும்போதுதான் அது முதல் முறையாகத் திறக்கப் பார்த்தது...

ரோஸ்டா தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

"ஒரு வரி மேடம். பத்து வருஷமா ஊருக்கெல்லாம் நான் சொல்லிக் குடுக்கற வரி. எழுத மறந்துட்டேன். மடோஷைக் கொன்னது நான்தான்."

தோள்கள் குலுங்க அழுதான்.

ஸோரா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு அவன் மேல் கோபம் வரவில்லை. வேண்டுமென்று தேடிப் பார்த்தும் வரவில்லை. உதவி கேட்டது அவள்தானே?

---

அடக்கம் முடிந்தது. நிலையத்தின் தோட்டத்தில் ஆப்ரிகாட் பூத்து உதிர்ந்தது.

சர்வரின் அந்தக் காவல்காரனை மற்ற இடங்களில் செய்வது போல அணைத்துத் தொலைத்திருந்தால் ஒரு உயிர் மிஞ்சியிருக்கும் என்று கேன்டீனில் யாரோ சொன்னார்கள். ஸோரா காதில் விழுகிற மாதிரிதான் சொன்னார்கள்.

தையற்காரம்மா கவுனைச் சலவை செய்து அனுப்பியிருந்தாள். பெட்டியை ஸோரா பிரிக்கவில்லை. திருப்பி அனுப்பவும் தெரியவில்லை.

வியாழக்கிழமைகளில் ரோஸ்டா பூண்டு சூப்போடு வந்தான். அவள் சாப்பிடும்வரை எதிரே உட்கார்ந்திருந்தான். பாத்திரம் கழுவினான். அதிகம் பேசவில்லை. அந்த ஊரில் அவளோடு சேர்ந்து குற்ற உணர்ச்சியில் வேகிற இன்னொரு ஜீவன் அவன்தான் என்று அவள் நினைத்தாள். அதில் ஒரு ஆறுதல்கூட இருந்தது.

மூன்றாவது வாரம், திங்கட்கிழமை மதியம், யார்மிலா கூப்பிட்டாள்.

கவனக்குறைவால் மரணம் என்று வழக்கு அரசு வக்கீலுக்குப் போகிறது. ரோஸ்டாவுக்கு அநேகமாக நிறுத்திவைக்கப்பட்ட தண்டனைதான் கிடைக்கும், சிறை இருக்காது. ஒரே ஒரு சம்பிரதாயம் பாக்கி. பிரதி எடுத்த சர்வர் நிலையத்தினுடையதுதான் என்று ஸோரா கையெழுத்துப் போட வேண்டும்.

போலீஸ் நிபுணரின் அறிக்கை மேஜை மேல் இருந்தது. ஹோம் டைரக்டரி ஃபைல்கள் எல்லாவற்றிலும் தவறான லேபிள். காவல்காரன் மறுத்ததாகப் பதிவேட்டில் ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு வரிகள். ரோஸ்டாவின் வாக்குமூலத்தோடு பொருந்துகிறது.

ஸோரா பேனாவை எடுத்தாள். வைத்தாள்.

"அந்தப் பதிவேட்டை நான் ஒரு தடவை பார்க்கலாமா?"

"எதுக்கும்மா... புண்ணைக் கிளறிக்கிட்டு?"

"அன்னிக்கு நான் இருபத்து மூணு தடவை தட்டினேன். எண்ணிக்கிட்டே இருந்தேன். அந்த இருபத்து மூணையும் பார்க்கணும்."

யார்மிலா பன் ரொட்டியைக் கீழே வைத்தாள். திரையை அவள் பக்கம் திருப்பினாள்.

ஸோரா தேடினாள். பத்து ஐம்பத்து மூன்று. பத்து ஐம்பத்தைந்து. பதினொன்று.

ஒன்றும் இல்லை.

முதல் மறுப்பே பதினொன்று முப்பத்தொன்றுக்குத்தான். அதன் பிறகு மழை மாதிரி. ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டும் அதற்குப் பிறகு.

கடிகாரம் தப்பாக இருக்கும் என்று நினைத்தாள். இல்லை. நைட்ரஜன் நிரம்பத் தொடங்கிய பதிவு, பத்து நாற்பத்தைந்து என்று துல்லியமாக இருந்தது.

"என்னம்மா?"

"இந்தக் காவல்காரன் விரட்டினா எழுதி வைப்பான் மேடம். நாலு வருஷம் முந்தி இதே தப்பை நானே பண்ணேன். ரெண்டு நாள் வெளியே நின்னேன். தட்டினதுக்கு ஒரு வரின்னு ஒண்ணு விடாம எழுதியிருந்தான். யார்கிட்டயும் சொல்லல... ரோஸ்டாகிட்டகூட. சிரிப்பான்னு."

"அப்ப உங்களை அன்னிக்கு விரட்டினது..."

"இவன் இல்ல."

யார்மிலா நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டாள்.

ஸோராவின் விரல்கள் தாமாகவே அடுத்த கட்டளையைத் தட்டின. ஒவ்வொரு ஃபைலுக்கும் கடைசியாக எப்போது உள்ளடக்கம் மாறியது என்று ஒரு நேரம் உண்டு. அதன் மேலுறை, அதாவது உரிமையோ லேபிளோ, எப்போது மாறியது என்று இன்னொரு நேரமும் உண்டு. இரண்டாவதை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

"சனிக்கிழமை மாத்தினதோட விட்டிருந்தா இங்க என்ன தேதி இருக்கணும்?" என்று கேட்டாள் யார்மிலா.

"சனிக்கிழமை."

"என்ன இருக்கு?"

திரையில் வரிசையாக ஓடியது. செவ்வாய், பதினொன்று முப்பது. செவ்வாய், பதினொன்று முப்பத்தொன்று. செவ்வாய், பதினொன்று முப்பத்தொன்று. நாற்பதாயிரம் ஃபைல்களில் ஒன்றுகூட விடாமல்.

லேபிள்கள் சனிக்கிழமையே ஒழுங்காகத்தான் ஒட்டப்பட்டிருந்தன. மடோஷ் செத்த பிறகு யாரோ உட்கார்ந்து அவற்றைத் தப்பாக்கியிருக்கிறார்கள். நைட்ரஜன் நிரம்பும் முன்னாலேயே விசிறியையும் கதவையும் நடத்தும் புரோகிராமை நிறுத்தியிருக்கிறார்கள். அவள் சாவியை எடுத்து ஒளித்து, வேலை முடிந்ததும் திரும்ப வைத்திருக்கிறார்கள். வந்து போன தடத்தையும் துடைத்திருக்கிறார்கள்.

"இதெல்லாம் யாரால முடியும்?"

"தலைமைச் சாவி இருக்கற ரெண்டே பேரால. நான்... அப்புறம்..."

பெயர் வரவில்லை.

யார்மிலா அவளை அவசரப்படுத்தவில்லை. தீயணைப்புப் படையின் தலைக்கேமராப் படத்தை ஓட விட்டாள். பதினொன்று முப்பத்தொன்று. முற்றம். தரையில் மடோஷ். பக்கத்தில் வெறுங்கையோடு, வெள்ளை கவுனில் ஒரு பெண்.

"உங்களை முற்றமே பார்த்துக்கிட்டு இருந்திருக்கும்மா," என்றாள் மெதுவாக. "அந்த நேரத்துல அவரை யாரும் பார்க்கல."

---

வியாழக்கிழமை ரோஸ்டா சூப்போடு வந்தான்.

சமையலறை மேஜையில் யார்மிலா உட்கார்ந்திருந்தாள். வெளியே படிக்கட்டில் இரண்டு பேர். ஸோரா ஜன்னலோரம் நின்றாள்.

ரோஸ்டா பாத்திரத்தை அடுப்பில் வைத்தான். யார்மிலா சொன்னதை முழுக்கக் கேட்டான். இருபத்து மூன்று தட்டல்களுக்கு ஒரு வரிகூட இல்லை என்றபோது லேசாகப் புன்னகைத்தான். இல்லாத வரி ஒரு சாட்சியாகுமா, பதிவேடுகளில் வரிகள் தொலைவது சகஜம்தானே என்று நிபுணன் தோரணையில் விளக்கினான்.

மேலுறை மாறிய தேதியைச் சொன்னதும் புன்னகை நின்றது.

அடுப்பைப் பார்த்தபடியே இருந்தான். பிறகு ஸோராவிடம் மட்டும் பேசினான்.

"நீயா கண்டுபிடிச்சே?"

அவள் தலையசைத்தாள்.

"லேபிள்னாலே பயந்து என்னைத்தானே கூப்பிடுவே. உனக்கு ஒண்ணும் தெரியாதுங்கறதைத்தான் நம்பியிருந்தேன்."

"நான் போன்ல கெஞ்சினப்போ... நீ உள்ளதான் இருந்தியா?"

"இருந்தேன்."

"ஒரு கட்டளை... அவன் வெளியே வந்திருப்பான்."

"ஆமா."

அவ்வளவுதான் சொன்னான். மன்னிப்பு கேட்கவில்லை. யாருமே கேட்காமல், தானே தொடர்ந்தான்.

"கல்யாணப் பத்திரிகை அனுப்பியிருந்தே. 'நீயும் வந்தா சந்தோஷப்படுவோம்'னு உன் கையெழுத்துல எழுதி. வராதேன்னு எழுதியிருந்தாகூடத் தாங்கியிருப்பேன். சந்தோஷப்படுவோம்... அந்த 'வோம்'தான் தாங்கல."

ஸோரா அவனை அறைவாள் என்று யார்மிலா எதிர்பார்த்தாள். அறைந்தாலும் தடுக்கக்கூடாது என்று மனசுக்குள் முடிவு செய்திருந்தாள்.

ஸோரா அசையவில்லை. மூன்று வாரமாக அவன் கையைப் பிடித்து, அவன் சூப்பைக் குடித்து, அவனுக்கு ஆறுதல் சொன்ன அதே சமையலறை. உண்மை தெரிந்துவிட்டது. தெரிந்து என்ன? இருபத்து நாலாவது முறை தட்டினாலும் அந்தக் கதவு திறக்காது. மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அடுப்பில் சூப் பொங்கி வழிந்தது. யாரும் அணைக்கவில்லை. கடைசியில் யார்மிலாதான் எழுந்து அணைத்தாள்.

படிக்கட்டில் இருந்தவர்கள் உள்ளே வந்தார்கள். விலங்கு மாட்டும்போது ரோஸ்டாவுக்குப் பழைய தைரியம் கொஞ்சம் திரும்பியது. கோர்ட்டில் இது நிற்காது என்றான். ஃபைல், லேபிள், மேலுறை நேரம்... அறுபது வயது நீதிபதிக்கு இதில் ஒரு எழுத்தாவது புரியுமா என்று கேட்டான்.

யார்மிலா கோட்டை மாட்டிக்கொண்டாள்.

"கவலைப்படாதீங்க. அவர் தினமும் கடையில பால் வாங்கறவர்... லேபிளைத் திருப்பித் தேதி பார்க்கறதுக்கு யாரும் அவருக்குச் சொல்லிக் குடுக்க வேணாம்."